மஞ்சள் மல்டிமீட்டர் 830டி: ஊமையான ஸ்டீரியோவுக்கு இது போதுமா?

ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிகிறது. பாட்டு ஓடுவதாகத் திரை காட்டுகிறது. ஸ்பீக்கரில் மட்டும் சத்தமே இல்லை. இந்த ஒரு சிக்கலைக் கண்டுபிடிக்க எந்த மீட்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்காக எழுதிய மதிப்பீடு இது. எடுத்துக்கொண்டது டி.டி. 830டி என்ற மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டர். சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், சின்ன ஊர் எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரே அமைப்புதான். விலை இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சத்தம் வராத ஸ்டீரியோவில் எந்தப் பகுதி செத்திருக்கிறது என்று தேட இந்த மீட்டர் போதும். ஆனால் சில இடங்களில் இது காட்டும் எண்ணை அப்படியே நம்பினால் நல்ல ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப்போட்டு வேறொரு பழுதை உண்டாக்கிவிடுவோம். எந்த அளவை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதுதான் இங்கே முக்கியம்.

வாங்கும்போது டயலைப் பாருங்கள். பாதை இணைந்திருந்தால் பீப் என்று கத்தும் பசரின் குறி, அதாவது ஒலி அலை போன்ற சின்னம், இருக்க வேண்டும். 830பி என்ற வகையில் பொதுவாக அது இருக்காது. அடுத்து, கடையிலேயே டயலை 200 ஓமில் வைத்து இரண்டு புரோப், அதாவது அளக்கும் ஊசி, முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடியுங்கள். 0.3 முதல் 1 ஓம் வரை ஏதாவது ஓர் எண் வந்து நிலையாக நிற்க வேண்டும். இது புரோப் ஒயரின் சொந்தத் தடை. பிறகு அளக்கும் ஒவ்வொரு சின்னத் தடையிலிருந்தும் இதைக் கழிக்க வேண்டும். முனைகளைப் பிடித்தபடியே ஒயரை, புரோப் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மடக்கிப் பாருங்கள். எண் தாவினால் வேறு பீஸ் கேளுங்கள். இந்த மீட்டரில் முதலில் அறுவது பெரும்பாலும் அந்த இடம்தான். மீட்டர் நன்றாக இருந்து புரோப் ஒயர் அறுந்ததால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதப்படுவது சாதாரணமாக நடக்கிறது.

உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரியையும் சோதிக்க வேண்டும். அது இறங்கிவிட்டால் மீட்டர் அணைந்துபோகாது, எல்லா அளவையும் கூட்டிக் காட்டத் தொடங்கும். புதிய 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்றை 20 வோல்ட் டிசி நிலையில் அளந்து பாருங்கள். 1.55, 1.6 என்று வந்தால் சரி. 1.8, 1.9 என்று காட்டினால் செல்லைக் குறை சொல்லாமல் மீட்டரின் பேட்டரியை மாற்றுங்கள்.

மீட்டரை எடுப்பதற்கு முன்னால் கைகளாலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஸ்பீக்கர் ஏ, பி பொத்தானில் ஒயர் மாட்டிய பக்கம்தான் தேர்வாகியிருக்கிறதா? பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால் டேப் மானிட்டர் பொத்தான் உள்ளே அமுங்கியிருக்கிறதா? அது அமுங்கியிருந்தால் டேப் டெக் இல்லாத இடத்திலிருந்து பாட்டை எதிர்பார்த்துக்கொண்டு ஆம்ப் ஊமையாக நிற்கும். ஹெட்போன் துளையில் பின் எதுவும் இல்லாவிட்டாலும், பத்துப் பதினைந்து முறை ஒரு பின்னைச் செருகி உருவுங்கள். பல மாடல்களில் ஸ்பீக்கர் சிக்னல் அந்தத் துளைக்குள் இருக்கும் தகட்டு சுவிட்ச் வழியாகவே போகிறது. தகட்டில் களிம்பு ஏறினால் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தே அடங்கிவிடும். டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் வரும் சத்தம் மட்டும் இல்லையென்றால் டிவியின் ஆடியோ அமைப்பில் டால்பி, ஆட்டோ என்றிருப்பதை பி.சி.எம். என்று மாற்றுங்கள். ஆப்டிகலை ஸ்டீரியோவாக மாற்றித் தரும் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டால்பி சிக்னலைப் பிரிக்கத் தெரியாது. அங்கே எந்த மீட்டராலும் பயன் இல்லை.

ஒரு பக்கம் மட்டும் ஊமையாக இருந்தால் இன்னும் எளிது. ஆம்ப்பை அணைத்து, பின்னால் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றி மாட்டுங்கள். அதே ஸ்பீக்கர் இன்னமும் பேசவில்லை என்றால் பழுது ஸ்பீக்கரிலோ ஒயரிலோ. இப்போது மற்ற ஸ்பீக்கர் ஊமையானால் பழுது ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ. அடுத்து ஸ்பீக்கர் ஒயர்களை இருந்தபடியே விட்டுவிட்டு, பிளேயரிலிருந்து உள்ளே வரும் ஆர்.சி.ஏ. கேபிளின் இடது வலது பின்களை மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கம் இடம் மாறினால் ஆம்ப் குற்றமற்றது, கேபிளையோ பிளேயரையோ பார்க்க வேண்டும். எந்த மீட்டரை விடவும் இந்த இரண்டு மாற்றங்களும் நம்பகமானவை.

இனி மீட்டரின் வேலை. கறுப்பு ஒயர் காம் துளையில், சிவப்பு ஒயர் நடுத்துளையில். மேலே உள்ள 10 ஆம்பியர் துளையை ஸ்டீரியோ வேலைக்கு மறந்துவிடுங்கள். அந்தத் துளைக்குள் இருப்பது ஒரு தடித்த கம்பி. பெரும்பாலும் ஃப்யூஸ் கிடையாது. சிவப்பு ஒயரை அங்கே செருகியதை மறந்து சப்ளையை அளக்கப் போனால் சப்ளையை நேரே ஷார்ட் செய்ததாகிவிடும்.

ஸ்பீக்கரைச் சோதிப்பதில் இந்த மீட்டர் தன் விலைக்கு மேல் உழைக்கிறது. ஆம்ப்பை அணைத்து ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப் முனையில் கழற்றி, 200 ஓம் நிலையில் அந்த இரண்டு நுனிகளையும் அளங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 6 முதல் 7.5 வரை வரும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.7 வரை. பெட்டியில் எழுதியிருக்கும் 8 என்பது ஓடும் சிக்னலுக்கான அளவு. மீட்டர் அளப்பது சுருளின் டிசி தடை மட்டும். அதனால் குறைவாக வருவது இயல்பே. 6.4 என்று காட்டியதற்காக ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம்.

திரையின் இடது ஓரத்தில் தனியாக 1 என்று நின்றால் பாதை திறந்திருக்கிறது, அதாவது எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது ஒயரைத் தவிர்த்துவிட்டு நேரே ஸ்பீக்கர் பெட்டியின் பின்முனையில் அளங்கள். அங்கே சரியான எண் வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது கிளிப்புக்குள் செம்புக்குப் பதிலாக பிளாஸ்டிக் உறை கவ்வப்பட்டிருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். 10 மில்லிமீட்டருக்கு உறையைச் சீவி, இழைகளை முறுக்கி மறுபடி மாட்டினால் முடிந்தது. பெட்டியின் முனையிலும் 1 தான் என்றால் ஊஃபர் என்ற பெரிய ஸ்பீக்கரின் சுருளோ, உள்ளே சிக்னலைப் பிரிக்கும் கிராஸ்ஓவருக்குப் போகும் லக், அதாவது ஒயர் மாட்டும் தகட்டு முனையோ விட்டுப்போயிருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கருக்கு முன்னால் தொடராக ஒரு கெப்பாசிட்டர் இருப்பதால், பெட்டியின் பின்முனையில் மீட்டர் பார்ப்பது ஊஃபரை மட்டும்தான். ட்வீட்டர் கருகியிருந்தாலும் எண் அழகாகவே வரும். ட்வீட்டரைத் தெரிந்துகொள்ள பெட்டியைத் திறந்து, ஒரு லக்கைக் கழற்றி, அதன் முனைகளிலேயே அளக்க வேண்டும்.

1 ஓமுக்கும் கீழே, புரோப் ஒயரின் தடைக்குச் சமமான எண் வந்தால் அது ஷார்ட். ஆம்ப்பின் பின்னால் சிவப்புக் கிளிப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இழை கறுப்பைத் தொட்டாலே போதும், பாதுகாப்பு சர்க்யூட் சத்தத்தை நிறுத்திவிடும். இங்கேதான் பசர் ஏமாற்றும். பசர் நிலையில் ஸ்பீக்கர் ஒயரைத் தொட்டதும் பீப் வருகிறது, ஒயர் ஷார்ட் என்று முடிவு கட்டுகிறார்கள். இந்த மீட்டரின் பசர் சில பத்து ஓம் வரையிலும் கத்தும். மறுமுனையில் 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் பீப் வரத்தான் செய்யும். ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகும் பீப் வந்தால் மட்டுமே ஒயர் ஷார்ட். ஸ்பீக்கர் சம்பந்தப்பட்ட எந்த அளவுக்கும் பசரை விட்டு 200 ஓம் நிலையையே பயன்படுத்துங்கள்.

மீட்டரே இல்லாமலும் ஸ்பீக்கரைத் தெரிந்துகொள்ளலாம். ஆம்ப்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயரின் நுனிகளை ஒரு 1.5 வோல்ட் செல்லில் நொடிப்பொழுது தொட்டு எடுங்கள். கர் என்றோ டப் என்றோ சத்தம் வந்து கோன் அசைந்தால் ஊஃபரும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன. 9 வோல்ட் பேட்டரியை இதற்கு எடுக்க வேண்டாம்.

ஒயரின் தடையை அளந்து தரம் பார்க்க இந்த மீட்டரால் முடியாது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் நீளம் என்றால் போக வர 10 மீட்டருக்கு வரும் தடை சுமார் 0.23 ஓம். புரோப் ஒயரின் தடையே அதைவிட அதிகம். அறுந்ததா இல்லையா என்பதை மட்டும் இதனிடம் கேளுங்கள்.

ஆர்.சி.ஏ. கேபிளுக்கு பசர் தாராளமாகப் போதும். இரு முனையிலும் கேபிளைக் கழற்றிவிட்டு, நடு ஊசியிலிருந்து நடு ஊசிக்கு பீப், வெளி வளையத்திலிருந்து வெளி வளையத்துக்கு பீப், ஊசிக்கும் வளையத்துக்கும் இடையே அமைதி. இந்த மூன்றையும் பின் அருகே ஒயரை வளைத்தபடியே பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். அடிப்பகுதி விட்டுப்போனால் சத்தம் முற்றிலும் அடங்காமல் பாடகர் குரல் மட்டும் காணாமல்போய் இசை குகைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். அந்த அடையாளம் தெரிந்தால் அளக்கவே வேண்டியதில்லை.

இனி ஆம்ப்ளிஃபயர். ஆன் செய்து காதைக் கொடுங்கள். ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச் உள்ள ஆம்ப்பாக இருந்தால் 3 முதல் 5 நொடியில் உள்ளே டக் என்று ஒரு சத்தம் வரும். ஊமையான ஆம்ப்பில் வேலையை இரண்டாகப் பிரிப்பது இந்த டக்தான். டக் வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் பவர் பகுதி பெரும்பாலும் நலம். சிக்னல் வழியில் எங்கோ அடைப்பு, அல்லது ரிலேயின் தொடுமுனையில் கருமை. டக் வரவில்லை என்றால் ஆம்ப் தானாகவே ஸ்பீக்கரைத் துண்டித்து வைத்திருக்கிறது. அதற்கு அனேகமாகக் காரணம், ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் டிசி வோல்டேஜ் வந்திருப்பது. இந்த நிலையில் ரிலேயை பைபாஸ் செய்து ஒயர் போட்டு சத்தம் வருகிறதா என்று பார்ப்பவர்கள் சில நொடியில் ஊஃபர் சுருளையும் இழப்பார்கள்.

டக் வந்தும் சத்தம் இல்லாத ஆம்ப்பில், ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு இந்த மீட்டரால் சிக்னல் வருகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டிரான்சிஸ்டர், ஐசி ஆம்ப்புக்கு மட்டுமே இது பொருந்தும். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். போனில் 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன், அதாவது சீரான ஒற்றை ஒலி, ஒன்றை ஓடவிட்டு, முதலில் டிசி நிலையில் அளந்து டிசி இல்லை என்று உறுதி செய்தபின் டயலை 200 வோல்ட் ஏசிக்கு மாற்றி, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் வைத்தபடி வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். எண் 4, 5 என்று ஏறினால் ஆம்ப் வேலை செய்கிறது. பழுது அதற்குப் பின்னால், ஸ்பீக்கர் பக்கம். 100 ஹெர்ட்ஸ் ஏன் என்றால் இந்த மீட்டரின் ஏசி அளவு 400 ஹெர்ட்ஸ் வரைதான். பாட்டை ஓடவிட்டு அளந்தால் எண் குதித்துக்கொண்டே இருக்கும், எதுவும் புரியாது.

அந்த எண்ணின் துல்லியத்தை நம்பாதீர்கள். மீட்டருக்குள் இருப்பது ஒற்றை டயோடு. அரை வோல்ட்டுக்கும் கீழே உள்ள சிக்னல் அதைத் தாண்டாது. இடதும் வலதும் ஒரே மாதிரி வருகிறதா என்று ஒப்பிட மட்டும் இது உதவும். அதே காரணத்தால் போனிலிருந்தோ சி.டி. பிளேயரிலிருந்தோ வரும் மெல்லிய சிக்னலை அளக்க முயன்றால் பூஜ்யமே வரும். பூஜ்யம் வந்ததால் பிளேயர் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இன்னொரு கோளாறும் உண்டு. ஏசி நிலையில் வைத்து ஒரு பேட்டரியைத் தொட்டால் ஒரு பக்கம் இரண்டு மடங்குக்கு மேலான எண்ணும், திருப்பிப் பிடித்தால் பூஜ்யமும் காட்டும். டிசியை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

ரிலேயின் கருமைக்கு ஓர் அடையாளம் சொல்லிவிடலாம். குறைந்த வால்யூமில் ஒரு பக்கம் அடங்கியிருக்கும், வால்யூமைச் சட்டென்று ஏற்றினால் வெடித்துக்கொண்டு வரும், பிறகு கொஞ்ச நேரம் நன்றாகவே பாடும். ரிலேயை அதே வோல்டேஜ், அதே கால் அமைப்பில் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய் சீக்கிரமே திரும்பவும் அதே இடத்துக்கு வரும். வால்யூம், செலக்டர் சுவிட்சுகளின் அழுக்குக்கு எலெக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போட வேண்டும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைப் போட்டால் தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

இனி டக் வராத ஆம்ப். மூடியைத் திறந்து அளக்கும் வேலை என்பதால் முதலில் பாதுகாப்பு. இந்த மீட்டரின் டயலில் 750 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி 230 வோல்ட் பக்கம் போக வேண்டாம். உள்ளே திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தாங்கும் பாதுகாப்பு உறுப்புகள் கிடையாது, புரோப் உறையும் மெல்லியது. பவர் சுவிட்ச், மெயின் ஃப்யூஸ், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி ஆகிய மூன்றையும் பிளக்கைச் சுவரிலிருந்து உருவியபின் ஓம் நிலையில் மட்டும் பாருங்கள். விளக்கே எரியாத ஆம்ப்பில், பிளக்கை உருவி, பவர் சுவிட்சை ஆனில் வைத்து, பிளக்கின் இரண்டு பின்களுக்கிடையே அளந்தால் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்பில் சில பத்து ஓம் வரும், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அதைவிடக் குறைவு. 1 என்று நின்றால் ஃப்யூஸ், சுவிட்ச், பிரைமரி மூன்றில் ஒன்று திறந்திருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பழைய செட் என்றால் பின்னால் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். அதை 230 வோல்ட்டில் நேரே செருகியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் பிளக்கை உருவிய பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இடுக்கியால் பிடித்து அவற்றின் முனைகளில் 10 நொடி வைத்து, 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் ஓம் நிலைக்குப் போக வேண்டும். சார்ஜ் இருக்கும்போது ஓம் நிலையில் தொட்டால் மீட்டர்தான் முதல் பலி. ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் கெப்பாசிட்டருக்கும் கண்ணுக்கும் கேடு.

புரோப் முனையும் ஒரு பிரச்சினை. இதன் ஊசி நீளம், வழுக்கும். சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு முனையில் 2 மில்லிமீட்டர் மட்டும் தெரியும்படி மூடிவிடுங்கள். கறுப்பு ஒயருக்கு ஒரு முதலைக் கிளிப் வாங்கி கிரவுண்டில் நிரந்தரமாகக் கவ்வவிட்டு, சிவப்பை ஒரே கையால் பிடியுங்கள். இந்த இருபது ரூபாய்ச் செலவு மீட்டரின் விலையில் சேர்ந்ததாகவே கணக்கு வையுங்கள்.

இப்போது டிசி ஆஃப்செட், அதாவது பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கர் வழியில் நிற்கும் டிசி வோல்டேஜ். ஸ்பீக்கர் மாட்டாமல், எந்தப் பாட்டும் ஓடாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ரிலேக்கு முன்னால், அதாவது ஆம்ப் பக்கத்துக் காலில், கிரவுண்டுக்கு எதிராக அளங்கள். 200 வோல்ட் டிசியில் தொடங்கி எண் சின்னதாக இருந்தால் 2000 மில்லிவோல்ட்டுக்கு இறங்குங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நலம். 100 வரை பொறுக்கலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பாதுகாப்பு சர்க்யூட் ரிலேயைத் திறந்து வைத்திருப்பது சரிதான். 30, 40 வோல்ட் என்று சப்ளைக்கு நெருக்கமாக வந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். இந்த அளவில் 830டி குறையே சொல்ல முடியாதபடி நம்பகமானது. டிசியை அளப்பதுதான் இதன் பலம்.

அவுட்புட்டில் இருப்பது 5200, 1943 என்ற எண் கொண்ட டிரான்சிஸ்டர் ஜோடி என்றால் பிளக்கை உருவி, சார்ஜை இறக்கி, எழுத்து உங்களைப் பார்க்க டிரான்சிஸ்டரை வைத்தால் இடமிருந்து பேஸ், கலெக்டர், எமிட்டர். நடுக்காலுக்கும் வலது காலுக்கும் இடையே இரண்டு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டிய எண் வந்தால் அது போய்விட்டது. ஒன்று போயிருந்தாலும் ஜோடியையே மாற்றுங்கள். அதோடு பக்கத்திலிருக்கும் வெள்ளை நிற 0.22 அல்லது 0.33 ஓம் 5 வாட் ரெசிஸ்டரையும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் பார்க்காமல் புதியதைப் போட்டால் புதியதும் உடனே போகும். 0.22 ஓமை இந்த மீட்டரால் சரியாகப் படிக்க முடியாது. திறந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும், அது போதும். முதல் முறை ஆன் செய்யும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை மெயின் லைனில் தொடராகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

ஆஃப்செட் பூஜ்யமாக இருந்தும் டக் வரவில்லை என்றால் பாதுகாப்பு சர்க்யூட்டையே சந்தேகிக்கலாம். யு.பி.சி 1237 என்ற எட்டுக்கால் ஐசி ஜப்பானிய ஆம்ப்களிலும் நம்மூரில் தனியாக விற்கும் புரொடெக்‌ஷன் போர்டுகளிலும் பரவலாக இருக்கிறது. எட்டாவது கால் அதன் சப்ளை, 3.4 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டாவது கால் டிசியைக் கண்டுபிடிப்பது, பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆறாவது கால் ரிலேயை இழுப்பது. எட்டில் சப்ளை இல்லையென்றால் அதற்கு வரும் ரெசிஸ்டரையும், சப்ளை இருந்தால் ஏழாம் காலில் தாமதத்துக்காக வைத்திருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் பாருங்கள். அந்தக் கெப்பாசிட்டர் கெட்டிருந்தால் புதியது சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருப்பது தனித்தனி போர்டுகளை வாங்கிக் கோத்த அசெம்பிள் செட் என்பதால் அந்த போர்டுகளுக்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும். 4440 ஐசி போர்டில் ஒற்றை சப்ளை. பதினோராம் காலில் சப்ளை வரும். பத்தாம் காலிலும் பன்னிரண்டாம் காலிலும் சப்ளையில் பாதி இருக்க வேண்டும். சப்ளை 14 வோல்ட் என்றால் அங்கே 7 வோல்ட்டை ஒட்டி. பாதிக்குப் பதிலாகப் பூஜ்யமோ முழு சப்ளையோ வந்தால் ஐசியை மாற்றிவிடலாம். 11, 12 இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கால்கள் என்பதால் புரோப் வழுக்கினால் நல்ல ஐசியும் போய்விடும். ஸ்லீவ் போடச் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டு காலிலும் பாதி சரியாக இருந்து சத்தம் இல்லையென்றால் ஸ்பீக்கருக்குப் போகும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் பற்றவைப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டி.டி.ஏ 2030 வைத்த போர்டில் கணக்கு வேறு. அங்கே பிளஸ், மைனஸ் என்று இரட்டை சப்ளை. ஐந்தாம் காலில் பிளஸ், மூன்றாம் காலில் மைனஸ், அவுட்புட்டான நான்காம் காலில் பூஜ்யம். 4440 பழக்கத்தில் இங்கேயும் பாதி சப்ளையைத் தேடி ஐசியை மாற்றிவிடாதீர்கள். இந்த ஐசி அடிக்கடி போவதற்குக் காரணத்தையும் இதே மீட்டர் காட்டிக்கொடுக்கும். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் 12ஐ 1.414ஆல் பெருக்கினால் 17, டயோடுக்குப் போக 16 வோல்ட். ஐசி தாங்கும் உச்ச அளவு 18. இரவில் லைன் 250 வோல்ட்டைத் தொட்டு, ஆம்ப் பாடாமல் சும்மா இருக்கும்போது சப்ளை 18ஐத் தாண்டிவிடும். பகலில் 16.5 இருந்தது என்று நிம்மதியாக இருக்காமல் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முறை அளந்து பாருங்கள். 18க்கு மேல் வந்தால் 9-0-9 டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறுங்கள், அல்லது 22 வோல்ட் வரை தாங்கும் 2030ஏ வகையை வாங்குங்கள்.

டி.டி.ஏ 7294 போர்டு ஊமையாக நின்றால் ஐசியைச் சந்தேகிக்கும் முன் ஒன்பதாம் காலையும் பத்தாம் காலையும் அளங்கள். முன்னது ஸ்டேண்ட்பை, பின்னது மியூட். இரண்டிலும் 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் ஐசி வாயைத் திறக்கும். 1.5க்குக் கீழ் இருந்தால் அது அணைக்கப்பட்ட நிலை. அந்தக் காலுக்கு வரும் ரெசிஸ்டர் விட்டுப்போனால் ஐசி முழு நலத்தோடு அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

டி.பி.ஏ 3116 போன்ற சின்ன டிஜிட்டல் ஆம்ப் போர்டுகளில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை கிரவுண்ட் அல்ல. 24 வோல்ட் சப்ளையில் இரண்டு முனையிலும் கிரவுண்டுக்கு எதிராக சப்ளையில் ஏறத்தாழ பாதி இருக்கும், அது பழுதல்ல. ஆஃப்செட்டை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுக்கு இடையே மட்டும் அளக்க வேண்டும். இரண்டு சேனலின் கறுப்பு முனைகளையும் ஒன்றாக முறுக்கி இணைத்தால் போர்டு பாதுகாப்புக்குள் போய்விடும். ஊமையான புதிய போர்டுகளில் இது முதலில் பார்க்க வேண்டிய தவறு.

இந்த மீட்டரிடம் இல்லாதவையும் உண்டு. கெப்பாசிட்டரை அளக்காது. மில்லிவோல்ட் ஏசி கிடையாது, அதனால் ப்ரீஆம்ப் பகுதியில் சிக்னல் எந்த இடத்தில் தொலைகிறது என்று தேட முடியாது. திரைக்கு வெளிச்சம் இல்லை. தானே அணையாது, டயலை ஆஃபில் வைக்க மறந்தால் பேட்டரி காலி. டயலை ஓம் நிலையிலேயே விட்டு அடுத்த முறை புரோப்பை நேரே வோல்டேஜ் உள்ள இடத்தில் வைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

ஸ்பீக்கர், ஒயர், கேபிள், ஃப்யூஸ், சப்ளை, ஆஃப்செட், ஐசி கால் வோல்டேஜ் வரை பார்க்கிறவர்கள் 830டியைத் தயங்காமல் வாங்கலாம். ப்ரீஆம்ப் பழுது, கெப்பாசிட்டர் சோதனை என்று வாரந்தோறும் போர்டைத் திறப்பவர்கள் ஆயிரம் ரூபாயை ஒட்டிய, கெப்பாசிட்டன்ஸும் மில்லிவோல்ட் ஏசியும் உள்ள ஆட்டோரேஞ்ச் மீட்டருக்குப் போகட்டும். 230 வோல்ட் பக்கம் அளக்கிற தேவை இருந்தால் தரச்சான்று உள்ள மீட்டரையும் தடித்த புரோப்பையும் தவிர வேறெதையும் கையில் எடுக்க வேண்டாம். எதை வாங்கினாலும் ஒரு செட் புரோப் ஒயர் உபரியாக வாங்கிக்கொள்ளுங்கள்.